சாட்சிகள் ஒரே வீட்டில் இருக்கலாமா?

அரசு ஆவணங்களை இனி யாராலும் திருத்த முடியாது என்கிற உறுதிமொழி அண்மைக் காலமாக தில்லியிலிருந்து அடிக்கடி ஒலிக்கிறது. சான்றிதழ்கள், சொத்துப் பதிவுகள், மருந்து விநியோகக் கணக்குகள் என ஒவ்வொன்றாக 'பிளாக்செயின்' தொழில்நுட்பத்துக்கு மாற்றும் முயற்சி நடந்து வருகிறது. இதற்கான தேசியக் கொள்கை ஆவணத்தை மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2021 டிசம்பரில் வெளியிட்டது. 2024 செப்டம்பர் 4-ம் தேதி 'விஷ்வஸ்யா' என்ற பெயரில் தேசிய அளவிலான கட்டமைப்பும் தொடங்கி வைக்கப்பட்டது. தமிழக அரசு 2020-லேயே தனக்கென ஒரு பிளாக்செயின் கொள்கையை அறிவித்து, 'நம்பிக்கை இணையம்' என்ற பெயரில் ஒரு கட்டமைப்புக்குத் திட்டமிட்டது.

பெயர்கள் எல்லாம் நம்பிக்கையைப் பற்றியே பேசுகின்றன. ஆனால், அந்த நம்பிக்கைக்கு யார் சாட்சி என்ற கேள்வி மட்டும் நாடாளுமன்றத்திலோ பொதுவெளியிலோ போதிய அளவுக்கு எழவில்லை.

இந்தக் கேள்வி கணினி வல்லுநர்களுக்கு மட்டும் உரியதன்று. கோவைக்கு மேற்கே, தமிழக - கேரள எல்லையில் உள்ள ஆனைகட்டியிலும் அதற்கு அப்பால் விரிந்துகிடக்கும் அட்டப்பாடியிலும் வாழும் இருளர் குடும்பங்களுக்கு, ஆவணம் யார் கையில் இருக்கிறது என்பது வாழ்வுரிமை சார்ந்த கேள்வி.

ஒரு நிலம், இரண்டு பதிவேடுகள்

ஆனைகட்டியில் எல்லைக்கோடு ஊரின் ஊடாகவே செல்கிறது. இந்தப் பக்கம் கோவை மாவட்டம். அந்தப் பக்கம் பாலக்காடு மாவட்டத்தின் சோலையூர், அகளி, புதூர் ஊராட்சிகளைக் கொண்ட அட்டப்பாடி. இரு பக்கமும் கொண்டும் கொடுத்தும் உறவு கலந்த குடும்பங்கள். 1956 நவம்பர் 1-ம் தேதி மொழிவழி மாநிலங்கள் அமையும் வரை அட்டப்பாடியும் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில்தான் இருந்தது. இன்று ஒரு பக்கத்தின் உரிமையைப் பட்டாவும் சிட்டாவும் அடங்கலும் சொல்கின்றன. மறுபக்கத்தின் உரிமையைக் கேரள வருவாய்த் துறையின் பதிவேடுகள் சொல்கின்றன.

1951-ல் அட்டப்பாடி மக்கள்தொகையில் 90 சதவீதமாக இருந்த பழங்குடியினர் இப்போது பாதிக்கும் குறைவு. வெளியூர்களிலிருந்து வந்து குடியேறியவர்களின் கைக்கு நிலம் மாறிய வரலாறு இந்த மாற்றத்துக்குள் அடங்கியிருக்கிறது. கைமாறிய நிலத்தை மீட்டுத்தர கேரள சட்டப்பேரவை 1975-ல் ஒரு சட்டம் இயற்றியது. அதற்கான விதிகள் வரவே ஏறத்தாழ பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1999-ல் வந்த வேறொரு சட்டம், இரண்டு ஹெக்டேர் வரையிலான விளைநிலத்தை அதை வைத்திருப்பவரிடமே விட்டுவிட்டு, பழங்குடியினருக்கு மாற்று நிலம் தரலாம் என்றது. 2009-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது.

இந்த வழக்குகள் எல்லாவற்றிலும் தீர்ப்பைத் தீர்மானிப்பது காகிதம். எந்த ஆண்டில் யார் பெயரில் நிலம் இருந்தது, யார் வரி கட்டினார்கள், யார் கைநாட்டு வைத்தார்கள் என்பதைக் காகிதமே சொல்கிறது. எழுதும் எழுதுகோல் ஒரு தரப்பிடம். நிலத்தில் பாடுபட்டவர்கள் மறு தரப்பில். போலி ஆவணங்கள் மூலம் நிலம் கைமாறியதாக அட்டப்பாடியில் பல ஆண்டுகளாகப் புகார்கள் எழுந்து வருகின்றன. சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது பெற்ற நஞ்சியம்மாவின் குடும்ப நிலம் குறித்த தகராறுகூட செய்திகளில் இடம்பெற்றது. நாடறிந்த கலைஞருக்கே இந்த நிலை என்றால், பெயர் தெரியாத குடும்பங்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட இடத்துக்கு 'திருத்த முடியாத பதிவேடு' வரப்போகிறது என்றால், முதலில் மகிழ்ச்சியே ஏற்பட வேண்டும். ஆனால் அந்த மகிழ்ச்சி நியாயமானதா என்பது பிளாக்செயின் எப்படி இயங்குகிறது என்பதைப் பொறுத்தது.

பலர் கையில் ஒரே பேரேடு

பிளாக்செயின் என்பது ஒரு கணக்குப் பேரேடு. அதன் நகல் ஒரே அலுவலகத்தில் இல்லாமல் பல கணினிகளில் இருக்கும். புதிய பதிவு ஒன்று வரும்போது, அது விதிகளுக்கு உட்பட்டதா என்று அந்தக் கணினிகளை இயக்குவோர் தனித்தனியே சரிபார்ப்பார்கள். குறிப்பிட்ட அளவுக்கு ஒப்புதல் கிடைத்தால் மட்டுமே பதிவு ஏறும். ஒவ்வொரு பக்கமும் முந்தைய பக்கத்தின் முத்திரையைச் சுமந்திருப்பதால், பழைய பக்கத்தில் ஓர் எழுத்தை மாற்றினாலும் பின்னால் உள்ள அனைத்தும் பொருந்தாமல் போகும். இப்படிச் சரிபார்ப்பவர்களே 'வேலிடேட்டர்' எனப்படும் சரிபார்ப்பாளர்கள்.

தேர்தல் வாக்குச்சாவடியை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. வாக்குப்பதிவு முடிந்ததும், பதிவான வாக்குகளின் எண்ணிக்கை 17சி படிவத்தில் எழுதப்பட்டு, அங்கிருக்கும் ஒவ்வொரு வேட்பாளரின் முகவருக்கும் நகல் தரப்படுகிறது. ஆளுங்கட்சி முகவரிடமும் நகல் உண்டு. எதிர்க்கட்சி முகவரிடமும் உண்டு. வாக்கு எண்ணும் இடத்தில் எண்ணிக்கை மாறினால் யாராவது ஒருவர் நகலை எடுத்து நீட்டுவார். அந்தப் படிவத்தின் வலிமை காகிதத்தில் இல்லை. ஒருவரையொருவர் நம்பாத பலரிடம் அது இருப்பதில் இருக்கிறது. எல்லா முகவர்களும் ஒரே கட்சிக்காரர்களாக இருந்துவிட்டால், நூறு நகல்கள் இருந்தாலும் அது ஒரு நகல்தான்.

தமிழகத்தில் இந்தச் சிந்தனை பழைமையானது. பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரை மட்டுமன்றி அவருடைய நெருங்கிய உறவினர்களையும் மீண்டும் பொறுப்புக்கு வரவிடாமல் தடுக்கிறது. கணக்கைப் பார்ப்பவர் கணக்கு எழுதியவரின் வீட்டுக்காரராக இருக்கக் கூடாது என்பதே அதன் பொருள்.

எண்ணிக்கையா, தனித்தன்மையா?

உலக அனுபவமும் இதையே சொல்கிறது. 2009 ஜனவரியில் இயங்கத் தொடங்கிய பிட்காயின், எந்த வங்கியும் அரசும் நடுவில் இல்லாத பணம் என்று அறிமுகமானது. ஆனால் 2014 ஜூன் மாதத்தில், பலருடைய கணினிகளை ஒன்று திரட்டி இயக்கிய ஒரே குழுமத்தின் பங்கு சிறிது நேரம் பாதியைத் தாண்டியது. பாதிக்கு மேல் கைப்பற்றியவர் நினைத்தால் அண்மைப் பதிவுகளைப் புரட்டிப்போட முடியும். பெரும் கூச்சல் எழுந்த பிறகே அந்தக் குழுமம் தன் பங்கைக் குறைத்துக்கொள்ள முன்வந்தது. 'எத்தீரியம் கிளாசிக்' என்ற சிறிய வலையமைப்பில் இத்தகைய புரட்டு 2019-லும் 2020-லும் உண்மையாகவே நடந்தது.

2022 மார்ச்சில் நடந்த 'ரோனின்' கொள்ளை இன்னும் தெளிவான பாடம். அங்கு மொத்தம் ஒன்பது சரிபார்ப்பாளர்கள். ஐந்து பேர் ஒப்புக்கொண்டால் பணம் வெளியேறும். ஒன்பதில் நான்கு ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தன. ஐந்தாவதன் சார்பில் கையொப்பமிட அதே நிறுவனத்துக்கு முன்பு தரப்பட்ட அனுமதி திரும்பப் பெறப்படாமல் கிடந்தது. ஊடுருவியவர்கள் அந்த ஒரு நிறுவனத்தின் கதவை உடைத்ததுமே ஐந்து சாவிகளும் கிடைத்துவிட்டன. 60 கோடி டாலருக்கு மேல் பறிபோனது. ஆறு நாள்களுக்குப் பிறகே விஷயம் தெரியவந்தது. ஒன்பது பூட்டு போட்டவர்கள் ஐந்து சாவிகளை ஒரே ஆணியில் மாட்டி வைத்திருந்தார்கள்.

இந்தியாவுக்கும் இந்த அனுபவம் உண்டு. 2024 ஜூலையில் 'வாசிர்எக்ஸ்' என்ற மெய்நிகர் நாணயச் சந்தையிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள சொத்து திருடப்பட்டது. அந்தக் கணக்குக்கு ஆறு கையொப்பதாரர்கள். அவர்களில் ஐந்து பேர் அந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். திரையில் தெரிந்தது ஒன்று, கையொப்பமானது வேறொன்று என்று நிறுவனம் விளக்கம் அளித்தது. ஒரே திரையைப் பார்த்து ஒருவர் பின் ஒருவராகக் கையெழுத்திடுவது சரிபார்ப்பு ஆகாது.

சரிபார்ப்பாளர்களின் எண்ணிக்கையைப் பெருக்கினால் போதும் என்பதும் தவறு. 2022 செப்டம்பரில் எத்தீரியம் வலையமைப்பு, 32 ஈத்தர் பிணைவைப்பவர் எவரும் சரிபார்ப்பாளர் ஆகலாம் என்ற முறைக்கு முழுமையாக மாறியது. பொய்ச் சாட்சி சொன்னால் பிணைத்தொகை பறிக்கப்படும். 2024-ல் சரிபார்ப்பாளர்களின் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டியது. ஆனால் ஒரே நிறுவனம் பல்லாயிரம் சரிபார்ப்பாளர்களை இயக்க முடியும். 2023-ல் 'லைடோ' என்ற ஒரே சேவையின் வழியாக ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பிணைத்தொகை வந்திருந்தது. அங்கு ஒரு பதிவை இறுதி செய்ய மூன்றில் இரண்டு பங்கு ஒப்புதல் தேவை. ஆகவே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வைத்திருப்பவர் மறுத்துவிட்டால் எதுவும் இறுதியாகாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2023 மே மாதத்தில் சில மென்பொருள்களில் ஏற்பட்ட கோளாறால் அந்த வலையமைப்பில் பதிவுகள் இறுதியாவது தடைபட்டது. ஆனாலும் வலையமைப்பு முழுதாக நின்றுவிடவில்லை. வேறு மென்பொருள்களை இயக்கிய சரிபார்ப்பாளர்கள் பணியைத் தொடர்ந்ததே அதற்குக் காரணம். ஆக, தனித்து நிற்கும் சரிபார்ப்பாளர் என்பவர் வேறு உரிமையாளர், வேறு இடம், வேறு கருவி, வேறு நலன் கொண்டவர். இந்த நான்கும் ஒன்றாக இருந்தால் எத்தனை பேர் இருந்தும் பயனில்லை.

தில்லியின் ஏற்பாடு

இந்த அளவுகோலை வைத்து 'விஷ்வஸ்யா'வைப் பார்த்தால் கவலை எழுவது இயல்பு. அதன் கட்டமைப்பு புவனேஸ்வரம், புணே, ஹைதராபாத் ஆகிய மூன்று நகரங்களில் உள்ள தேசிய தகவலியல் மையத்தின் தரவு மையங்களில் இயங்குவதாக அரசே அறிவித்தது. நகரங்கள் மூன்று, நிர்வாகம் ஒன்று. ஒரு நகரில் வெள்ளம் வந்தால் மற்ற இரண்டும் காக்கும். ஆனால், மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தால் மூன்றும் ஒரே நேரத்தில் கீழ்ப்படியும். இது விபத்திலிருந்து காக்கும் ஏற்பாடு. அதிகாரத்திலிருந்து காக்கும் ஏற்பாடு ஆகாது.

தொலைத்தொடர்புத் துறையில் வேறொரு முயற்சி நடந்தது. விளம்பரக் குறுஞ்செய்தித் தொல்லையைத் தடுக்க இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2018-ல் கொண்டுவந்த விதிகளின்படி, போட்டி நிறுவனங்கள் இணைந்து இத்தகைய பேரேட்டை இயக்க வேண்டும். போட்டியாளர்கள் ஒருவரையொருவர் கவனிப்பது நல்லதே. ஆனால் 2021 மார்ச் 8-ம் தேதி சரிபார்ப்பு கட்டாயமானதும் வங்கிகளின் ஒருமுறைக் கடவுச்சொற்கள்கூடத் தடைபட்டு, ஒரு வாரத்துக்கு அந்த முறை நிறுத்திவைக்கப்பட்டது. பதிவு செய்ய வேண்டிய அனைவரையும் தயார்படுத்தாமல் விதியை மட்டும் அமலாக்கினால் யார் அவதிப்படுவார்கள் என்பதை அந்த நாள் காட்டியது. வங்கிகளுக்கு ஒரு வாரம் அவகாசம் கிடைத்தது. மலைவாழ் குடும்பங்களுக்கு அப்படி அவகாசம் கிடைக்குமா என்பது ஐயமே.

மூன்றாவது வழியும் இந்தியாவிலேயே இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் பழங்குடியினர் மிகுந்த ஏட்டாபள்ளியில், சுமார் 65,000 சாதிச் சான்றிதழ்களை 'பாலிகன்' என்ற பொதுப் பிளாக்செயினில் பதிவு செய்யும் திட்டம் 2022-ல் அறிவிக்கப்பட்டது. இந்தியர்கள் தொடங்கிய அந்த வலையமைப்பைச் சுமார் நூறு சரிபார்ப்பாளர்கள் இயக்கிவந்தனர். அவர்கள் மகாராஷ்டிர அரசின் ஊழியர்கள் அல்லர். நாளை ஓர் அதிகாரி தன் அலுவலகப் பதிவேட்டைத் திருத்தினாலும், வெளியே உள்ள முத்திரை அதைக் காட்டிக்கொடுக்கும். நூறு என்பது பெரிய எண்ணிக்கை இல்லை. பெரும் பிணைத்தொகை வைத்திருப்பவர்களின் செல்வாக்கும் அதில் உண்டு. ஆயினும், பதிவேட்டை எழுதியவரே அதற்குச் சாட்சியாக இருக்கும் நிலையைவிட அது மேல்.

எது மெய் என்று யார் சொல்வது?

இவ்வளவையும் சரிசெய்தாலும் ஆனைகட்டியின் சிக்கல் முழுதாகத் தீராது என்பதையும் சொல்லியாக வேண்டும். பிளாக்செயினின் சரிபார்ப்பாளர் கையொப்பத்தைப் பார்க்கிறார், விதியைப் பார்க்கிறார். அந்த நிலத்தில் உண்மையில் ராகி விதைத்தது யார் என்பதை அவரால் பார்க்க முடியாது. ஏற்கெனவே தவறாக எழுதப்பட்ட பதிவேட்டை அப்படியே ஏற்றினால், தவறு நிலைத்துவிடும். அதை எதிர்த்து வழக்காடுபவரிடம், திருத்த முடியாத ஆவணம் என்பதே எதிர்வாதமாக நீட்டப்படும்.

எனவே சாட்சி இரண்டு இடங்களில் தேவை. பதிவு ஏறும் முன் அது மெய்யா என்று சொல்ல ஒருவர். ஏறிய பின் அது மாறவில்லை என்று சொல்ல மற்றொருவர். இரண்டாவதைக் கணினி செய்யும். முதலாவதை ஊர்தான் செய்ய வேண்டும்.

அதற்கான சட்ட வடிவமும் இந்தியாவிடம் இருக்கிறது. 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம், யாருக்கு எந்த நிலத்தில் உரிமை என்பதைத் தீர்மானிக்கும் நடைமுறையைத் தொடங்கும் அதிகாரத்தை கிராம சபைக்கு அளித்தது. 2012-ல் திருத்தப்பட்ட விதிகளின்படி, கிராம சபையில் பாதிப் பேராவது கூட வேண்டும். வந்திருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும். கணினி வலையமைப்பு மூன்றில் இரண்டு பங்கு ஒப்புதல் கேட்பது போலவே, இதுவும் ஒரு குறைந்தபட்ச வரம்பு.

இந்தச் சாட்சி வெறும் சடங்கு அல்ல என்பதை ஒடிசாவின் நியமகிரி நிரூபித்தது. பாக்சைட் சுரங்கம் குறித்து முடிவெடுக்கும் பொறுப்பை 2013 ஏப்ரல் 18-ம் தேதி உச்ச நீதிமன்றம் கிராம சபைகளிடம் விட்டது. கூடிய 12 கிராம சபைகளும் ஒன்றன் பின் ஒன்றாக மறுப்புத் தெரிவித்தன. மாநில அரசும் பெரு நிறுவனமும் ஒரு பக்கம் நிற்க, டோங்ரியா கோந்து மக்களின் சில சிற்றூர்கள் மறுபக்கம் நின்றன. முடிவு சிற்றூர்களின் பக்கமே அமைந்தது. மறுக்கும் உரிமை இருந்ததால்தான் அந்தச் சாட்சிக்கு மதிப்பு வந்தது. ஒப்புதல் மட்டுமே தர முடிகிறவர் சரிபார்ப்பாளர் ஆக மாட்டார்.

சொல்லப்படும் தடைகள்

அரசுத் தரப்பில் இரண்டு மறுப்புகள் எழக்கூடும். குடிமக்களின் விவரங்களை அந்நியர்கள் இயக்கும் கணினிகளில் வைக்க முடியாது என்பது ஒன்று. இது நியாயமான அச்சமே. ஆனால் ஆவணத்தை வெளியே வைக்கத் தேவையில்லை. ஆவணத்தின் கைரேகை போன்ற 'ஹேஷ்' என்னும் குறியீட்டை மட்டும் வெளியே வைத்தால் போதும். அதிலிருந்து ஆவணத்தைப் படிக்க முடியாது. ஆனால் ஆவணம் மாறினால் குறியீடு பொருந்தாது.

செலவு அதிகம் என்பது மற்றொன்று. இதற்கு விடை பிளாக்செயினின் முன்வரலாற்றிலேயே இருக்கிறது. பிட்காயின் பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1995 முதல், அமெரிக்காவின் 'ஷ்யூரிட்டி' என்ற நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் ஆவணங்களுக்கான குறியீட்டை வாரந்தோறும் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் சிறு விளம்பரமாக அச்சிட்டு வந்தது. லட்சக்கணக்கான வீடுகளிலும் நூலகங்களிலும் சேர்ந்துவிட்ட ஒரு நாளிதழை எந்த அதிகாரியாலும் திரும்பப் பெற்றுத் திருத்த முடியாது. கோவை, பாலக்காடு மாவட்ட நிலப் பதிவேடுகளின் அன்றாடக் குறியீட்டை இரு மாநில நாளிதழ்களில் ஒரு வரியாக அச்சிட ஆகும் செலவு, அரசு விளம்பரங்களுக்கு ஆகும் செலவில் ஒரு துளிகூட இராது.

சரிபார்ப்பாளர்களாக யாரை அமர்த்துவது என்பதற்கும் பெரிய தேடல் வேண்டாம். உயர் நீதிமன்றங்கள், தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அலுவலகம், மாநில சட்டப் பணிகள் ஆணைக் குழுக்கள், பல்கலைக்கழகங்கள் எனத் தனித்தனித் தலைமையும் தனித்தனிக் கடமையும் கொண்ட அமைப்புகள் இருக்கின்றன. இத்துறையில் பயிற்சி தர கேரளத்திடம் ஒரு பிளாக்செயின் அகாதெமியே உண்டு. எல்லைப் பகுதியில் தமிழகத்தின் பேரேட்டைக் கேரளமும், கேரளத்தின் பேரேட்டைத் தமிழகமும் சரிபார்க்கலாம். ஆற்றுநீரில் ஒருவரையொருவர் அளந்து பார்க்கும் இரண்டு மாநிலங்கள், பதிவேட்டிலும் அதைச் செய்தால் இரு பக்க மக்களுக்கும் நன்மையே.

கேட்க வேண்டியவை

நாடாளுமன்ற உறுப்பினர்கள் மத்திய அரசிடம் நான்கு உறுதிகளைப் பெற வேண்டும். முதலாவது, அரசு பிளாக்செயின் ஒவ்வொன்றின் சரிபார்ப்பாளர்கள் யார், அவர்கள் எந்தத் துறையின் கீழ் வருகிறார்கள் என்ற பட்டியல் வெளியிடப்பட வேண்டும். இரண்டாவது, எந்த ஒரு துறையோ நிறுவனமோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிபார்ப்பு அதிகாரத்தை வைத்திருக்கக் கூடாது. மூன்றாவது, பழங்குடிப் பகுதிகளில் கிராம சபையின் முன் படித்துக் காட்டப்படாத எந்த நிலப் பதிவும் பிளாக்செயினில் ஏறக் கூடாது. அங்கு எழும் ஆட்சேபணையும் பதிவாக வேண்டும். நான்காவது, நீதிமன்றம் தவறு என்று கண்ட பதிவை, பழையதை அழிக்காமல் புதிய பதிவால் திருத்துவதற்கு வழி இருக்க வேண்டும்.

இவை இல்லாமல் வரும் பிளாக்செயின், பழைய இரும்புப் பெட்டிக்குப் புதிய பூட்டு என்பதற்கு மேல் எதுவும் இல்லை. பெட்டியும் சாவியும் இதுவரை யாரிடம் இருந்தனவோ அவர்களிடமே தொடர்ந்து இருக்கும். அட்டப்பாடியின் இருளர்களும் முதுகர்களும் குறும்பர்களும் அரை நூற்றாண்டுக்கு மேலாகக் காகிதத்தோடு போராடி வருகிறார்கள். அந்தக் காகிதம் கணினிக்குள் போகும் முன், அவர்களுடைய கையிலும் ஒரு நகல் இருப்பதை உறுதி செய்ய வேண்டியது தில்லியின் கடமை.